சுவிச்சுக்கு முன் அளவு: ஸ்மார்ட் வீடு செய்யும் மாணவருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வலிகாமமோ வடமராட்சியோ, தென்மராட்சியோ தீவகமோ, குடாநாட்டின் எந்த மூலையில் நீங்கள் படித்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கிய பிறகு, எங்கள் பாடசாலைக் கண்காட்சிகளில் ஸ்மார்ட் வீடு ஒரு நிரந்தர விருந்தாளி ஆகிவிட்டது. றெஜிபோம் சுவர், காட்போட் கூரை, உள்ளே ஓர் அர்டுயினோ பலகை. கையைத் தட்டினால் குமிழ் எரியும். ஆள் கிட்ட வந்தால் படலை திறக்கும். போனில் தொட்டால் குட்டி மின்விசிறி சுழலும். முன்னால் ஒரு மட்டையில் ‘சக்தி சேமிக்கும் வீடு’ என்று எழுதியிருக்கும். அந்த மேசைகளுக்கு முன்னால் நான் விரும்பி நிற்பவன். பற்றாசு பிடித்துப் பழகிய விரல்களைப் பார்த்தாலே எனக்கு நம்பிக்கை வரும். ஆனால் ‘இந்த வீடு மாதத்துக்கு எத்தனை அலகு சேமிக்கும்?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. யாரும் அதைக் கேட்கப் பழக்கவில்லை என்பதால் அது உங்கள் குறையும் இல்லை. இனி அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஈ.எஸ்.பி. 32 பலகை, ஒரு ரிலே, ஆள் நடமாட்டம் அறியும் பி.ஐ.ஆர். உணரி, இவற்றுக்கு மின் கொடுக்கும் அடப்ரர். வைஃபையோடு நாள் முழுக்க விழித்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு வாற்று இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 24 வாற்றுமணி, ஆண்டுக்கு 8.76 அலகு. இப்போது குளியலறைக்குப் போங்கள். அங்கே 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்று, யாரோ அணைக்க மறந்ததால் தினமும் இரண்டு மணிநேரம் வீணாக எரிகிறது. வீணாவது 18 வாற்றுமணி. அந்த 18ஐக் காப்பாற்ற 24ஐச் செலவழிக்கிறோம். ‘சக்தி சேமிக்கும் வீடு’ ஒவ்வொரு நாளும் நட்டத்தில் ஓடுகிறது.

60 வாற்று இழைக்குமிழ் இருந்த காலத்தில் அதே இரண்டு மணிநேரம் 120 வாற்றுமணியை விழுங்கியது. உணரி வைத்து அணைப்பதில் அன்று நியாயம் இருந்தது. எல்.ஈ.டி. வந்து அந்தச் சேமிப்பை முன்கூட்டியே எடுத்துவிட்டது. நாங்கள் இன்னும் பழைய கேள்விக்குப் புதிய கருவியால் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

1990களில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் மோசர் தான் குடியிருந்த வீட்டிலேயே உணரிகளைப் பொருத்தி, குடியிருப்பவரின் பழக்கத்தை வீடு தானே கற்றுக்கொள்ளும்படி செய்தார். வெளிச்சம், சூடேற்றல், வெந்நீர் என்று எல்லாவற்றையும் அந்த வீடு கவனித்தது. எனக்கு அதில் பிடித்தது அதன் கணக்கு முறை. எரிசக்திக்கு ஆகும் செலவையும், மனிதர் படும் அசௌகரியத்தையும் ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறையும் வழியைத்தான் அந்த வீடு தேடியது. முதலில் பார்த்தது, பிறகு கணக்கிட்டது, அதன் பிறகுதான் சுவிச்சைத் தொட்டது. உங்கள் மாதிரியிலும் உணரியின் முதல் வேலை அளப்பதாக இருக்கட்டும்.

எதை அளப்பது? யாழ்ப்பாணத்து வீட்டில் கிணற்று மோட்டரிலிருந்து தொடங்குங்கள். எங்களிடம் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றை நம்பித்தான். துலா மிதித்த காலத்தில் ஒவ்வொரு வாளிக்கும் உடம்பு கணக்கு வைத்தது. இன்று சுவிச்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம், தாங்கி நிரம்பி வழிந்து சுவர் நனைந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் படித்த பௌதிகவியலை இங்கே கொண்டு வாருங்கள். 1000 லீற்றர் தண்ணீரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 98,000 யூல் வேண்டும். அலகில் சொன்னால் 0.027. இப்போது உங்கள் வீட்டு மோட்டரைப் பாருங்கள். 750 வாற்று இழுக்கும் மோட்டர் அரை மணிநேரம் ஓடி 1000 லீற்றர் தாங்கியை நிரப்புகிறது என்றால் செலவு 0.375 அலகு. தேவையானதைப் போலப் பதினான்கு மடங்கு. மீதி எங்கே போனது? மோட்டரின் சூட்டில், பம்பின் தேய்ந்த சுழலியில், தேவைக்குச் சிறிய குழாயின் உராய்வில், மூலைக்கு மூலை போட்ட முழங்கைகளில், இறுக்கமாக மூடாத புட்வால்வில். இந்தப் பதினான்கை ஏழாகக் குறைக்க முடிந்தால், நூறு கைதட்டல் குமிழ்கள் செய்யாததை நீங்கள் செய்திருப்பீர்கள்.

அதற்கு வேண்டியவை சிக்கலானவை இல்லை. வயரை வெட்டாமல் அதைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட உணரி ஒன்று. தாங்கியின் மூடியில் நீர்மட்டம் பார்க்கும் மீயொலி உணரி ஒன்று. முடிந்தால் கிணற்றுக்குள் இன்னொரு மட்ட உணரி. மூன்றையும் ஒரே நேர அச்சில் வரைந்து பாருங்கள். மோட்டர் மின் இழுக்கிறது, தாங்கியில் மட்டம் ஏறவில்லை என்றால் பம்பில் காற்றுப் பிடித்திருக்கலாம். ஒரே அளவு தண்ணீருக்கு மாதாமாதம் நேரம் கூடிக்கொண்டே போனால் எங்கோ தேய்மானம். இந்த வரைபைக் காட்டினால் மோட்டர் திருத்துபவரே உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

கிணற்று மட்டத்தை அளக்கச் சொன்னதற்கு மின்சாரத்தைத் தாண்டியும் காரணம் உண்டு. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்தபடி இருக்கிறது. இரண்டின் அடர்த்தி வித்தியாசத்தால், மேலே நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் கீழே உவர்நீரின் எல்லை சுமார் நாற்பதடி ஏற வேண்டும் என்கிறது நீரியல் சமநிலை விதி. கோடையில் வேகமாக இறைத்தால் கிணறு உவர்ப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே மோட்டரை எப்போது நிறுத்த வேண்டும் என்று தாங்கி மட்டும் முடிவு செய்யக் கூடாது. கிணறும் சொல்ல வேண்டும். உவர்த்தன்மை அறியும் மின்கடத்து உணரியைச் சேர்த்தால், உங்கள் கையில் இருப்பது ஊர் முழுவதற்கும் பயன்படும் கருவி.

2024 ஓகஸ்டில் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். இப்படியான நிலையங்களில் ஒரு கனமீற்றர் தண்ணீர் எடுக்க மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டியிருக்கும். கிணற்றில் இருந்து அதே தண்ணீரைத் தூக்க எத்தனை என்று மேலே பார்த்தோம். குடாநாட்டில் தண்ணீரைச் சேமிப்பதும் மின்சாரத்தைச் சேமிப்பதும் இப்போது ஒரே வேலை. கசியும் குழாயைக் கண்டுபிடிக்கும் உணரியும் எரிசக்தி உணரிதான்.

அடுத்தது கூரை. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பழைய நாற்சார வீட்டில் நடுவே திறந்த முற்றம், சுற்றி விறாந்தை, உயர்ந்த ஓட்டுக்கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர். முற்றத்துச் சூடான காற்று மேலெழும்பிப் போக, விறாந்தையின் நிழலுக்குள்ளால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வேம்பும் மாவும் மீதியைப் பார்த்துக்கொண்டன. இன்று பெரும்பாலும் தட்டைச் சீமெந்துத் தட்டுப் போட்டு வீடு கட்டுகிறோம். நண்பகல் வெயிலில் அது வாங்குகிற சூடு உடனே உள்ளே வருவதில்லை. தடித்த தட்டுக்குள்ளால் மெல்ல இறங்கி, பொழுதுபட்ட பிறகு படுக்கையறைக்கு வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் நுளம்புக்குப் பயந்து ஜன்னல்களையும் சாத்திவிடுகிறோம். பிறகு விடியும்வரை மின்விசிறி.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது கட்டடப் பொறியியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அதை எதிர்த்தார்கள். எங்கள் வெக்கைக்கு அவை பொருந்தா என்பது அவர்களின் வாதங்களில் முக்கியமானது. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சூட்டுக்குள் கட்டிவிட்டு உணரியால் குளிர்விக்க முடியாது என்பதை நீங்களும் மறக்க வேண்டாம்.

ஆகவே உங்கள் மாதிரியில் இரண்டு கூரை செய்யுங்கள். ஒன்று வெறும் சீமெந்து, மற்றது வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. றெஜிபோம் வேண்டாம், அது வெப்பத்தைத் தடுக்கும் பொருள் என்பதால் எந்தச் சோதனையையும் பொய்யாக்கும். மெல்லிய சீமெந்துப் பலகை வார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீர்புகா வெப்ப உணரி ஒன்றை ஒட்டி, பங்குனி சித்திரை வெயிலில் வெளியே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருதடவை பதிவு செய்யுங்கள். 24 மணிநேர வரைபில் இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் உங்கள் கண்டுபிடிப்பு. தெலங்கானா அரசு 2023இல் இப்படிச் சூடு குறைக்கும் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. வடமாகாணத்துக்கு அப்படியொன்று வேண்டுமென்றால் எங்கள் கூரைகளின் அளவீடு முதலில் வேண்டும். அதைப் பாடசாலைகள் எடுக்கலாம்.

இன்னொன்று. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும். அதற்குப் பிறகு ஆவணி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், ஓகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சிக்கு வரும். வெயில் தெற்கிலிருந்துதான் படும் என்று பிறநாட்டுப் படத்தைப் பார்த்து நிழற்கூரை வைத்தால், வெக்கை மிகுந்த மாதங்களில் வடக்குச் சுவர் காயும். சோளகம் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, வாடை எங்கிருந்து வருகிறது என்பதும் மாதிரியில் தெரிய வேண்டும். உள்ளே ஒரு வெப்ப உணரி, வெளியே ஒன்று. வெளி உள்ளைவிடக் குளிர்ந்ததும் ‘ஜன்னலைத் திறவுங்கள்’ என்று ஒரு பச்சை வெளிச்சம் எரிந்தால் போதும். ஜன்னலுக்கு நுளம்பு வலையும் வேண்டும், அது கட்டாயம். சாதாரண மின்விசிறி 75 வாற்று, பி.எல்.டி.சி. மோட்டர் வைத்தது 30 வாற்று அளவு. நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு 27 அலகா 11 அலகா என்பதுதான் வித்தியாசம். இதற்கு எந்த உணரியும் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் உணரி வைக்காததும் நல்ல வடிவமைப்புத்தான்.

நேரத்தையும் கவனியுங்கள். மாலை 6.30இலிருந்து 10.30 வரை நாட்டில் மின்தேவை உச்சம். மறுபக்கம், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, நண்பகல் சூரிய மின்சாரம் மிஞ்சியபோது, கூரைச் சூரிய மின்தகடு வைத்திருப்போரைப் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சூரியன் எங்கள் உச்சிக்கு வரும் அதே வாரத்தில், அதன் வெளிச்சத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு நாடு வந்தது. இதற்கு வீட்டளவில் ஒரு விடை உண்டு. மோட்டரையும் அயனையும் நண்பகலுக்கு மாற்றுவது. தாங்கியில் ஏற்றி வைத்த தண்ணீர் சேமித்து வைத்த மின்சாரம்தான், பற்றரிகூட வேண்டாம். ஒரு மணிக்கூட்டுச் சில்லும் ஒரு மட்ட உணரியும் இந்த வேலையைச் செய்துவிடும்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியதை உங்கள் வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கட்டண முறை படி வைத்தது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் சுமை கூடும். மாதத்தின் நடுவில் ‘இந்த வேகத்தில் போனால் 96 அலகு வரும், 90ஐத் தாண்டுவீர்கள்’ என்று சொல்லும் சிறிய திரை, நான் இதுவரை கண்காட்சிகளில் பார்த்த எந்தத் தானியங்கிக் கதவையும்விடப் பெறுமதியானது. இதைச் செய்ய வயரைத் தொடவே தேவையில்லை. இலத்திரனியல் மீற்றரின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டும். ஓரலகுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஒளி உணரி ஒன்றை அதற்கு முன்னால் வைத்து எண்ணினால் சரி. மீற்றரின் முத்திரையை மட்டும் தொடாதீர்கள். 230 வோல்ற்றில் நீங்கள் தனியாகக் கை வைக்கவும் வேண்டாம், மாதிரி முழுவதையும் 12 வோல்ற்றில் செய்யுங்கள்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்து நாடே இருண்டது. மின்சாரம் போய் வரும்போது உங்கள் வீடு என்ன செய்யும்? வெளிநாட்டுச் சேவகக் கணினியைத் தேடி வைஃபைக்காகக் காத்திருக்குமா, மோட்டரைத் தானாகப் போட்டுவிடுமா? மின் திரும்பியதும் எல்லாம் நிறுத்திய நிலையில் தொடங்க வேண்டும். இணையம் இல்லாமலும் அடிப்படை வேலை நடக்க வேண்டும். வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்ற தகவல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, அம்மம்மா தனியாக இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவருக்குப் போன் திரை வேண்டாம். சுவரில் இருக்கும் பழைய சுவிச்சை அவர் அழுத்தினால், உங்கள் நிரல் என்ன நினைத்தாலும், குமிழ் எரிய வேண்டும்.

நீங்கள் பிறக்கும் முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போரின் நடுவே, 1990இல் இங்கே மின்சாரம் நின்றது. அதன் பிறகு ஆண்டுக்கணக்காக ஜாம் போத்தலில் செய்த சிக்கன விளக்குகளில் உங்கள் பெற்றோர் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு உங்களுக்கு வீட்டுச் சொத்தாக வந்திருக்க வேண்டும். அந்த வறுமை திரும்ப வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டும்.

பிறகு சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகள் வந்தன. சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எங்கள் மின்சாரத்துக்கு எங்கள் கிணறுகள் விலை கொடுத்திருக்கின்றன. ஓரலகைச் சேமிப்பது பில்லைக் குறைக்கும் விடயம் மட்டும் என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

தீவகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் காற்று, சூரியன், பற்றரி, டீசல் சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியன் 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, பற்றரி 2,400 கிலோவாற்றுமணி. சிறிய மின்வலையில் ஒவ்வொரு வீட்டின் பழக்கமும் பற்றரிக்கு உடனே தெரியும். உங்கள் ஊரில் வீடுகள் எந்த நேரம் எவ்வளவு மின் இழுக்கின்றன என்ற பதிவை நீங்கள் இப்போதே தொடங்கினால், அது எந்தப் பொறியியலாளருக்கும் பொக்கிஷம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. திருநெல்வேலி வளாகத்துப் பௌதிகவியற் துறை ஒரு நோர்வேப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தூய எரிசக்தி ஆய்வு செய்து வந்திருக்கிறது. ‘யாழ் கீக் சலஞ்ச்’ போட்டியில் பாடசாலை மாணவருக்கென்றே களம் உண்டு. கதவைத் தட்டுங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு மாதத்துத் தரவோடு போங்கள்.

அடுத்த கண்காட்சியில் உங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு தாளை ஒட்டுங்கள். உணரிகள் வைக்கும் முன் எத்தனை அலகு, வைத்த பின் எத்தனை, உணரிகள் தாமே தின்றது எத்தனை, செய்த செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று நான்கு எண்கள் அதில் இருக்கட்டும். சேமிப்பு எதிர்க்குறியில் வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். நடுவராக வரும் ஆசிரியர்களிடமும் பொறியியலாளர்களிடமும் நான் கேட்பது இதையே: கதவு திறக்கும் அழகுக்கு முன் அந்தத் தாளை வாசித்துப் புள்ளி போடுங்கள்.

அன்புடன்,
குடாநாட்டில் மின்வேலை செய்யும் உங்கள் அண்ணன் ஒருவன்